பொடி வைத்து ஊதுதல்

“இப்ப யாரு தம்பி கிட் கட்டுறா? எல்லாரும் ஒட்டுறீங்க, அவ்வளவுதான்.” காலை ஏழு மணிக்கு ஹாம் ரேடியோவில், 40 மீட்டர் பேண்டில், ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது இது. தென்காசிப் பக்கத்துக்காரர். அலுமினியத் தகட்டைத் தானே வெட்டி மடக்கி, அதில் 807 வால்வை உட்காரவைத்து டிரான்ஸ்மிட்டர் செய்த தலைமுறை. அவர் குரலில் வன்மம் எதுவும் இல்லை, மழை குறைந்துவிட்டது என்று சொல்வதுபோல்தான் சொன்னார். நானும் “ஆமாங்க ஐயா” என்று சொல்லி, 73 போட்டுவிட்டு (ஹாம்கள் விடைபெறும் வாழ்த்து அது) மைக்கை மாட்டினேன், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. ஆனால் அன்று பன்னிரண்டாம் வகுப்பில் மின்தேக்கிகளின் தொடர் இணைப்பையும் பக்க இணைப்பையும் நடத்திக்கொண்டிருந்தபோது, கரும்பலகையில் இரண்டு கோடு போட்டதுமே அந்த வார்த்தை திரும்ப வந்தது. ஒட்டுறீங்க.

குத்தியதற்குக் காரணம் இருக்கிறது. ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ்40 என்ற ஹாம் ரேடியோ போர்டு 2016-இல் வந்தபோது வாங்கியவர்களில் நானும் ஒருவன். எஸ்எம்டி எனப்படும் சர்ஃபேஸ் மவுண்ட் உறுப்புகள், அதாவது துளையில் கால் நுழைக்காமல் போர்டின் மேலேயே ஒட்டுபவை, எல்லாம் ஏற்கெனவே பதிக்கப்பட்டு, சோதிக்கப்பட்டே வரும். வால்யூம், மைக், ஸ்பீக்கர், ஆன்டெனா சாக்கெட் என்று நாலு வயர் இழுத்து ஒரு டப்பாவுக்குள் வைத்தால் பேச ஆரம்பித்துவிடலாம். அருமையான போர்டு, இன்றைக்கும் ஓடுகிறது. அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம்தான். அதைக் காட்டி எத்தனையோ பேரிடம் “நானே கட்டினேன்” என்று சொல்லியிருக்கிறேன். பெரியவருக்கு அது தெரியாது. தெரியாமலேயே சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்.

அந்தக் குறை உறுத்தியதால்தான், பெரியவர் சொல்வதற்கு முன்பே, ஐம்பதைத் தாண்டிய கண்ணோடு, ஒரு உறுப்பும் பதிக்காத வெறும் போர்டாக வரும் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) டிரான்ஸீவர் கிட் ஒன்றை, பேசவும் கேட்கவும் ஒரே பெட்டி, வாங்கியிருந்தேன். கால் வைத்த பழைய உறுப்புகளையே தேடிப் பிடித்துக் கட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பிசி547 டிரான்சிஸ்டர் இன்றைக்கும் மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். ஜே310 என்ற டிரான்சிஸ்டரைக் கேட்டுப் பாருங்கள். கால் வைத்த ஜே310 அரிதாகிவிட்டது, அதே சரக்கு எம்எம்பிஎஃப்ஜே310 என்ற பெயரில் அரிசி நொய் அளவில்தான் வருகிறது. அலைவரிசையை உண்டாக்கும் எஸ்ஐ5351 சிப்போ கால் வைத்த உருவத்தில் பிறக்கவே இல்லை. 3 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் பத்துக் கால்கள், ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் அரை மில்லிமீட்டர். பழையதைப் பிடித்துக்கொண்டிருந்தால் பழைய சர்க்யூட்டையே திரும்பத் திரும்பக் கட்டவேண்டியதுதான்.

என் கிட்டில் பெரும்பாலானவை 0805 அளவு. அதாவது 2 மில்லிமீட்டர் நீளம், 1.25 மில்லிமீட்டர் அகலம். சமையலறை அளவில் சொன்னால் 1206 எள், 0603 ரவை, 0805 இரண்டுக்கும் நடுவில். பயப்படும் அளவுக்கு இல்லை. தலையில் மாட்டும் லென்ஸ் ஒன்று, 0.5 மில்லிமீட்டர் ஈயக் கம்பி, கூர்முனை சால்டரிங் அயர்ன், ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் கொஞ்சம். இவ்வளவு இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம், பள்ளி விடுமுறை. வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறை எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லவேண்டாம். ஃபேன் போட முடியாது, எஸ்எம்டி பறந்துவிடும். ஜன்னலையும் சாத்திவிட்டு, பனியன் நனைய உட்கார்ந்து, பள்ளியிலிருந்து கொண்டுவந்த வரைபடத்தாளில் கட்டம் போட்டேன். கட்டத்துக்கு ஒரு மதிப்பு. உறுப்புகள் அடைத்து வந்த நாடாவை உரித்து அவற்றை அந்தந்தக் கட்டத்தில் கொட்டினேன். முழுதாக ஒன்றரை மணி நேரம். வகுப்பில் பையன்களின் ஆய்வக நோட்டில் ‘நேர்த்தி’ என்று எழுதுவேனே, அந்த நேர்த்தி. கடைசி நாடாவை உரித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா மாடியேறி வந்தார்கள். கையில் மோர்த் தம்ளர். “ஏன்டா இந்தப் புழுக்கத்துல ஃபேன் கூடப் போடாம உக்காந்திருக்க?” நான் வாயைத் திறப்பதற்குள் சுவிட்ச். ரெகுலேட்டர் எப்போதும்போல் ஐந்தில் இருந்தது.

தாள் ஒரு முனையில் தூக்கி, மெதுவாகக் கவிழ்ந்தது. அவ்வளவுதான்.

பெயர் இல்லாத சரக்கு

தரையிலிருந்து பொறுக்குவது பெரிய விஷயமாக இல்லை. டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்து அடித்தால் ஒவ்வொரு துணுக்கும் நீள நிழல் விழுந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். அம்மாவும் குனிந்து பொறுக்கினார்கள். எழுபத்தைந்து வயதில் அவர்கள் கண்ணுக்கு என் கண்ணைவிடத் தெம்பு. அரிசியில் கல் பார்த்த கண். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் எல்லாம் சேர்ந்துவிட்டது. எல்லாம் ஒன்றாக.

ரெசிஸ்டர்கள் பிழைத்தன. அவற்றின் முதுகில் எண் இருக்கிறது. 103 என்றால் 10 கிலோ ஓம், 472 என்றால் 4.7. லென்ஸ் போட்டால் படித்துவிடலாம். கெபாசிட்டர்களில் ஒன்றும் கிடையாது. பழைய வட்டக் கெபாசிட்டரில் 104 என்று கறுப்பு மையில் அச்சடித்திருப்பார்கள், இருபது வருடம் கழித்து எடுத்தாலும் தான் யார் என்று அது சொல்லும். இதில் 100 பிக்கோவும் 100 நானோவும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. ஆயிரம் மடங்கு வித்தியாசம், வெளித்தோற்றத்தில் இரண்டு பழுப்புத் துணுக்குகள். சிலது கொஞ்சம் வெளுப்பு, சிலது கொஞ்சம் காப்பி நிறம், அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிய ஆரம்பித்தது. எஸ்எம்டி கஷ்டம் என்று சொல்பவர்கள் எல்லாரும் அளவைப் பற்றியே பேசுகிறார்கள். கண் தெரியவில்லை, கை நடுங்குகிறது. அளவுக்கு மருந்து இருக்கிறது, முந்நூறு ரூபாய் லென்ஸ். நாடாவை விட்டு வெளியே வந்த அடுத்த நொடி அந்தத் துணுக்கு ஊர் பேர் இல்லாததாகிவிடுகிறதே, அதற்கு எந்த லென்ஸ் போட்டுப் பார்ப்பது? பழைய வேலையில் தப்பு செய்தால் மறுநாள் போர்டைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். இங்கே போர்டைப் பார்த்து ஒன்றும் தெரியாது. தப்பு நடப்பது ஈயம் வைக்கும்போது அல்ல, அதற்கு முன்னால் மேஜையில். கிண்ணத்தை மூடி போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். பெரியவர் ‘ஒட்டுறீங்க’ என்று சொன்னது அதற்கு இரண்டு மாதம் கழித்து. பதில் சொல்ல முடியாமல் போனதற்கு அலமாரியில் இருந்த அந்தக் கிண்ணமும் ஒரு காரணம்.

ஆவணி மூல வீதிச் சந்து

என் மனைவியின் தோட்டில் திருகாணி மரை தேய்ந்து கழன்று கழன்று விழுந்துகொண்டிருந்தது. தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி எங்கள் வீட்டுக்குப் பழக்கம். அவருடைய பையன் என்னிடம் படித்தவன். ஒரு சனிக்கிழமை போனேன். “வாங்க வாத்தியாரே, பத்து நிமிஷம் உக்காருங்க” என்றார். கையில் ஒரு சங்கிலி, அறுந்த கண்ணியைச் சேர்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவசரமில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் ஒரு மணி நேரமானது.

வெண்காரத்தைத் தண்ணீர் விட்டுக் கல்லில் உரைத்து, பிரஷ் முனையால் இணைப்பில் தடவினார். அதே பிரஷ் நுனியால் ஒரு துணுக்குப் பொடியைத் தொட்டு எடுத்து அங்கே வைத்தார். அந்தத் துணுக்கு 0603-ஐவிடச் சின்னது, சத்தியம். அப்புறம் விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் ஊதுகுழலை வைத்து ஊதினார். கன்னம் உப்பியது, சுடர் ஊசிபோல் நீண்டது. பொடி ஒரு நொடி மினுங்கி உருண்டு, சட்டென்று இணைப்புக்குள் ஓடி மறைந்தது. பொடி வைத்துப் பேசுகிறான் என்று சொல்கிறோமே, அந்த ஊரறிந்த பொடி இதுதான். நகையின் பொன்னைவிடக் குறைந்த சூட்டில் உருகும் கலவை. ஒரு காலத்தில் அதில் கேட்மியம் கலப்பார்கள், கேடிஎம் நகை என்ற பேரே அதனால் வந்தது. அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது என்று பின்னால் விட்டுவிட்டார்கள். நாம் மட்டும் இன்னும் காரீயம் கலந்த 60/40 கம்பியைத்தான் உருக்கிக்கொண்டிருக்கிறோம். வேலை முடிந்ததும் கை கழுவாமல் முறுக்கைத் தொடாதீர்கள்.

எனக்கு உடனே புரிந்தது. வெண்காரம்தான் ஃப்ளக்ஸ். பொடிதான் சால்டர் பேஸ்ட். ஊதுகுழல்தான் ஹாட் ஏர். அலைபேசியில் என் போர்டின் படத்தைக் காட்டி விவரம் சொன்னேன். அவர் ஆமோதிப்பார், கைவேலையின் பெருமை பற்றி நாலு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இது மெஷினுக்குன்னே பண்ணது வாத்தியாரே. நீங்க எதுக்கு இதுல கைய வைக்கிறீங்க?” என்றார். மெஷின் செயின் வந்தபிறகு அவருக்குப் புது உருப்படி வேலை அநேகமாக இல்லை. அறுந்ததைச் சேர்ப்பது, தேய்ந்ததை மாற்றுவது, அவ்வளவுதான். தென்காசிப் பெரியவருக்கு ஒரு ஓட்டு கூடியது.

ஆனாலும் கேட்டதற்குச் சொல்லிக்கொடுத்தார். “கையத் தூக்கிக்கிட்டு இந்த வேல பாக்க முடியாது. மணிக்கட்டு பலகையில உக்காரணும். மூச்ச விட்டுட்டு வைக்கணும், இழுத்துட்டு வைக்கக்கூடாது.” நான் ட்வீசர் என்பதை அவர் சாமணம் என்கிறார். “சாமணத்த அமுக்குனாத் தெறிக்கும். தொட்டுக்கிட்டு இருந்தாப் போதும்.” என் கையிலிருந்து பறந்துபோன டையோடுகள் ஞாபகத்துக்கு வந்தன, அத்தனையும் அமுக்கியதால் போனவை. “பொடியச் சுடாதீங்க, உருப்படியச் சுடுங்க. சூடு இருக்கிற பக்கம் அது தானா ஓடும்.” இது நானே வகுப்பில் சொல்லக்கூடிய விஷயம். ஆனால் அயர்ன் கையில் இருக்கும்போது முனையை ஈயத்தின்மேல்தான் கொண்டுபோய் வைப்பேன்.

அவர் சொல்லாமல் நான் பார்த்துக்கொண்டது வேறு. பலகையில் எந்நேரமும் ஒரே ஒரு உருப்படிதான் இருந்தது. மற்றவை எல்லாம் தனித்தனிப் பொட்டலம், மேலே பென்சிலில் பேர், எடை. மடியில் துணி, பலகைக்கு அடியில் தட்டு, எது தெறித்தாலும் அதில்தான் விழும். 22 காரட் வேலை முடிந்து தூசியைக் கூட்டி டப்பாவில் போட்டபிறகுதான் 18 காரட் பொட்டலம் பிரிகிறது. அதற்கு நடுவில் ஒரு அம்மா வந்து, பாட்டி காலத்து ஒற்றை மாட்டல் ஒன்றைக் கொடுத்து, எந்தத் தரம் என்று கேட்டார். முத்திரை எதுவும் இல்லை. ஆசாரி உரைகல்லை எடுத்து ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் தனக்குத் தெரிந்த தரத்தில் இன்னொரு கோடு. இரண்டின்மேலும் திராவகம் ஒரு சொட்டு. எந்தக் கோடு எவ்வளவு மங்குகிறது என்று பார்த்துவிட்டு, விலை பேச ஆரம்பித்துவிட்டார்.

நான் திருகாணியை வாங்காமலேயே வண்டியைக் கிளப்பிவிட்டேன். பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கம் வந்தபிறகு மனைவியின் ஞாபகம் வந்து திரும்பிப் போனேன்.

சூடு காட்டுவது

பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பரிடம் ஒரு எல்சிஆர் மீட்டரை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினேன். சாதாரண மல்டிமீட்டர் பிக்கோஃபாரட்டை நம்பி அளக்காது. கிட்டின் பட்டியல்படி எழுபத்து மூன்று கெபாசிட்டர்கள். அம்மா பயன்படுத்தாமல் பரணில் போட்டிருந்த பழைய அஞ்சறைப் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, கிண்ணத்துக்கு ஒரு மதிப்பு என்று சீட்டு ஒட்டினேன். ஒவ்வொன்றாக அளந்து உள்ளே போட்டேன். சீரகக் கிண்ணத்தில் 100 நானோ, கடுகில் 10 நானோ. மூன்று சாயங்காலங்கள்.

மாட்டிக்கொண்டது 1 நானோவில். அதில் இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று என்பி0, சூட்டுக்கு அசையாது, ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேல் மாறக்கூடாது என்பது அதன் விதி. டிரான்ஸ்மிட்டரின் லோ பாஸ் ஃபில்டருக்கு, அதாவது வேண்டாத உயர் அலைகளைத் தடுக்கும் வடிகட்டிக்கு, அதுதான் வேண்டும். மற்றது எக்ஸ்7ஆர். சூடு ஏறி இறங்கினால் 15 சதவீதம் வரை மதிப்பு நகரலாம், அனுமதி உண்டு. ஆடியோவிலும், வேண்டாத உயர் அலைகளைத் தரைக்கு வடியவிடும் பைபாஸிலும் போட்டால் பரவாயில்லை. மீட்டரில் இரண்டும் 1 நானோ என்றுதான் காட்டும். நிறத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று பார்த்தேன், என் டியூப்லைட் வெளிச்சத்தில் முடியவில்லை. அப்போதுதான் அந்த மாட்டல் ஞாபகம் வந்தது. முத்திரை இல்லாததிடம் பேர் கேட்க முடியாது, எதையாவது செய்து எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கலாம். மீட்டரின் முனைகளுக்கு நடுவில் துணுக்கைப் பிடித்துக்கொண்டு, சூடான அயர்னைத் தொடாமல் பக்கத்தில் கொண்டுபோனேன். முதலாவது அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. மூன்றாவதில் கடைசி இலக்கங்கள் நகர ஆரம்பித்தன, அயர்னை எடுத்ததும் மெல்லத் திரும்பி வந்தன. முப்பது வருடமாக வெப்பநிலை எண் பற்றிப் பாடம் நடத்துகிறேன். அன்றைக்கு மாடியறையில் தனியாக உட்கார்ந்து “ஆகா” என்று சத்தமாகச் சொன்னேன்.

எழுபத்திரண்டு தேறியது. எக்ஸ்7ஆர் 1 நானோ ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அது மைக் உள்ளே வரும் இடத்துக்கான பைபாஸ். கடைகளில் கேட்டேன், மொபைல் ரிப்பேர்க்காரர்களிடம் இருப்பதெல்லாம் 0402, ஒரு மில்லிமீட்டருக்கு அரை மில்லிமீட்டர், அதற்கு என் லென்ஸ் பத்தாது. ஒரு இடத்தில் 0805-இல் 22 நானோ இருந்தது. இப்போதைக்கு இருக்கட்டும் என்று வாங்கிப் போட்டேன்.

பதிக்கும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, அது நான் பயந்த அளவுக்கு இல்லை. ஒரு பேடில் கொஞ்சம் ஈயம், துணுக்கைச் சாமணத்தில் தொட்டுக்கொண்டு ஈயத்தை உருக்கி உள்ளே தள்ளுவது, அப்புறம் மறுபக்கம். எஸ்ஐ5351-க்குப் பத்துக் காலுக்கும் சேர்த்து ஃப்ளக்ஸைத் தாராளமாகப் போட்டு முனையை இழுத்தேன். கால்களுக்கு நடுவில் பாலம் விழுந்தது, செம்புப் பின்னலை வைத்து உறிஞ்சி எடுத்தேன். கடைசிப் பத்துப் பதினைந்தை ஆசாரி பாணியில் பேஸ்ட் வைத்து ஹாட் ஏரில் ஊதினேன். ஒரு பக்கம் முதலில் உருகினால் துணுக்கு அந்தப் பக்கம் இழுபட்டு செங்குத்தாக எழுந்து நின்றுவிடும். ஆங்கிலத்தில் கல்லறைக்கல் என்கிறார்கள். எனக்கு அது நடுகல். என் போர்டில் மூன்று வீரர்கள் விழுந்தார்கள். எழுப்பிப் படுக்கவைத்தேன். மற்றபடி, கோணலாக வைத்த துணுக்கு ஈயம் உருகியதும் பரப்பு இழுவிசையால் தானே நகர்ந்து நேராக உட்காருவதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு கிட் வாங்கலாம்.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். பெரியவர் சொன்னது தப்பு என்று நிரூபித்துவிட்டதாக நினைக்கவில்லை. தகடு வெட்டி, காயில் சுற்றி, டிரான்ஸ்ஃபார்மரைத் தேடி அலைந்து செய்தவருக்கு முன்னால், யாரோ வரைந்த போர்டில் யாரோ எண்ணிக் கொடுத்த துணுக்குகளை வைத்தேன். அது ஒட்டுவதுதான். துணுக்குகள் கலந்துபோகாமல், கட்டம் கவிழாமல் இருந்திருந்தால் நானும் ஒட்டிவிட்டு, கட்டினேன் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, அளந்து, சூடு காட்டி, இது யார், எங்கே போகவேண்டும், மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்ட அந்த மூன்று சாயங்காலங்களில்தான் அந்த சர்க்யூட் எனக்குத் தெரியவந்தது. அந்தப் பகுதியைக் கட்டினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. மீதியை விட்டுக்கொடுக்கிறேன்.

ரிசீவர் ஆடி மாதத்தில் உயிர்பெற்றது. தெருமுனை அம்மன் கோயிலுக்கு சீரியல் லைட் போட்டிருந்தார்கள். அத்தனை எல்இடி சப்ளைகளும் சேர்ந்து 7 மெகாஹெர்ட்ஸ் முழுக்க இரைந்தன. ஸ்பீக்கரில் கடுகு தாளிக்கும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. போர்டில்தான் கோளாறு என்று இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு லைட்டை அணைத்தார்கள். அணைத்த நொடியில் இரைச்சல் விழுந்து, அதற்கடியிலிருந்து இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

மறுவாரம் காலை ஏழு மணி. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் 20 மீட்டர் நீளக் கம்பியாக டைபோல் ஆன்டெனா. 5 வாட். பெரியவர் எல்லாரையும் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இடைவெளி பார்த்து என் அழைப்புக்குறியைச் சொன்னேன். எடுத்துக்கொண்டார். எந்த செட் என்று கேட்டார், எஸ்எம்டி கிட் ஐயா, கையால் பதித்தது என்றேன். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். “சிக்னல் நல்லாத்தான் இருக்கு தம்பி. குரல்தான் மூக்கடைச்ச மாதிரி கேக்குது. சளியா?”

22 நானோ. குரலின் மேல் பாதியை மைக் வாசலிலேயே அது விழுங்கிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பட்டனை அழுத்தி, “ஆமாங்க ஐயா, ரெண்டு நாளா சளி” என்றேன்.

படியில் அம்மா நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை. கால் மணி நேரத்தில் சுக்குக் காப்பி வந்தது. தம்ளரை மேஜையில் வைத்து, நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, போகும்போது ஃபேனை அணைத்துவிட்டுப் போனார்கள்.